மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது

நாலாம் வார்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘மூணுவாட்டி’. நேரில் சிஸ்டர் என்பார்கள், தலை மறைந்ததும் மூணுவாட்டி என்பார்கள். மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, ஊசியில் ஏற்றும்போது ஒருமுறை, காலிப் புட்டியைக் கீழே போடும் முன் ஒருமுறை என்று மூன்று தடவை அதன் பெயரைப் படிப்பாள். அப்படித்தான் படிக்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எல்லாருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் பரீட்சை எழுதிய கையோடு அதை மறந்தார்கள். இவள் இருபத்திரண்டு வருடமாகியும் மறக்கவில்லை.

சந்தேகம் அவளுக்குத் தொழில் கொடுத்த வியாதி. மருந்துப் பெட்டி வந்தால் சீட்டு ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். நோயாளி “காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல சிஸ்டர்” என்றால் முதலில் தலையணைக்கு அடியில் கையை விடுவாள். வீட்டிலும் இதே கதைதான். கணவர் “கேஸ் சிலிண்டரை மூடிட்டேம்மா” என்றால் “சரிங்க” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வந்து படுப்பாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தினமும் முன்பின் தெரியாதவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிம்மதியாக உட்காருகிற மனிதர். அவருக்குச் சந்தேகம் என்ற சமாச்சாரமே கிடையாது. இருந்தால் அந்தத் தொழிலில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

இத்தனை பேரையும் இத்தனை பொருளையும் சந்தேகப்பட்டவள், ஒன்றே ஒன்றை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அது அவள் தினமும் தன் கையாலேயே எழுதுகிற ஒரு வரி. கடைசியில் அந்த வரிதான் அவள் கழுத்தைப் பிடித்தது.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. உறையின் மேல் செவிலியர் கவுன்சிலின் முத்திரை. வருடாவருடம் வருகிற புதுப்பித்தல் தாள் என்று நினைத்துப் பிரித்தாள். ஏழாம் படுக்கை நோயாளியின் நிலை மோசமாவதை உரிய நேரத்தில் மருத்துவருக்குத் தெரிவிக்கத் தவறியதாகப் புகார் வந்திருக்கிறது, உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்பதற்கு இருபத்தொரு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தது. பின்னால் இன்னும் சில தாள்கள் இருந்தன. அவற்றைப் புரட்ட அவளுக்குக் கை வரவில்லை. முதல் தாளையே மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறையும் அதேதான் எழுதியிருந்தது.

பதிவு போனால் நர்ஸ் வேலை போயிற்று. இந்த ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, எந்த ஆஸ்பத்திரியிலும். பத்தொன்பது வயதில் வெள்ளை உடுப்பு போட்டவள் அவள். அதைக் கழற்றிவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழாம் படுக்கையில் இருந்தவர் வயதான தையல்காரர். காலையில் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மாலை, இவள் பிபி பார்க்கக் குனிந்தபோது அவர் பார்வை இவள் தோளிலேயே இருந்தது. இவளுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? என்ன பெரியவரே என்று சற்றுக் கடுமையாகவே கேட்டாள்.

“உங்க இடது தோள்ல தையல் இழுக்குது சிஸ்டர். கை தூக்கும்போது பிடிக்குமே? வீட்டுக்குப் போனதும் கொண்டாங்க, பிரிச்சு தைச்சுத் தர்றேன்” என்றார் அவர்.

பிடிக்கத்தான் செய்தது. இரண்டு வருடமாகப் பிடிக்கிறது. அதை ஒருவர் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அறுவை சிகிச்சை நடந்த அன்று மதியம் இரண்டு பத்துக்கு அவருடைய நாடி வேகமெடுத்தது, பிபி இறங்கத் தொடங்கியது, வயிறு தொட்டால் பலகை மாதிரி இருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்று இவளுக்குச் சந்தேகம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அங்கே வார்டுக்கென்று டாக்டர் கிடையாது. அந்தந்த நோயாளியின் டாக்டரைத்தான் போனில் பிடிக்க வேண்டும். வார்டிலிருந்து வெளியே நேரடியாகப் போன் போகாது, கீழே எக்ஸ்சேஞ்சில் இருக்கிற அக்காதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். அறுவை சிகிச்சை செய்த சர்ஜன் ஊருக்கு அந்தப் பக்கம் தன் சொந்த கிளினிக்கில் இருந்தார்.

“வலியில நாடி வேகமாத்தான் இருக்கும். ஒரு வலி ஊசி போட்டுட்டுப் பாத்துட்டு இருங்க.”

இரண்டு நாற்பதுக்கு மறுபடி கூப்பிட்டாள். “பாத்துட்டுத்தானே இருக்கீங்க?” என்றார். மூன்று பதினைந்துக்கு மூன்றாம் முறை.

“சிஸ்டர், உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். வர்றேன், வைங்க.”

வந்தபோது மணி நாலு. அதற்குப் பத்து நிமிடம் முன்பே தையல்காரரின் கை சில்லிட்டு, கண் மேலே செருகிவிட்டது. மறுபடி அரங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இவள் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு மூன்று இடத்தில் எழுதியிருந்தாள்: ‘மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது’. எந்த மருத்துவருக்கு, என்ன தெரிவிக்கப்பட்டது, அவர் என்ன சொன்னார் என்று ஒரு எழுத்து கிடையாது.

அது அவளுடைய சோம்பேறித்தனம் இல்லை. அந்த வார்டின் வழக்கமே அதுதான். கேஸ் ஷீட்டில் டாக்டர் பெயரைப் போடுவது அங்கே கோள் சொல்வது மாதிரி. என்றோ ஒரு சின்னப் பெண் ஒரு டாக்டரின் பெயரைப் போட்டு, ‘வர மறுத்தார்’ என்று எழுதிவிட்டாள். அடுத்த வாரமே அவளைப் புறநோயாளிகள் பிரிவில் ஊசி போடும் அறைக்குத் தள்ளினார்கள். அதிலிருந்து எல்லாரும் மரியாதையாக மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதினார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தார்கள். இவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

இப்போது சர்ஜன், எனக்கு யாரும் போன் பண்ணவில்லை என்கிறார். பெயர்ப்பலகையில் தூசி படிந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கண்ணெதிரில் துடைக்கச் சொல்கிற மனிதர் அவர். தன் பெயர்மேல் ஒரு புள்ளி விழ விடுவாரா?

கடிதம் வந்து அரைமணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் அக்காதான் ஊதியிருக்க வேண்டும் என்று இவள் முடிவு கட்டினாள். போன்களை ஒட்டுக்கேட்பதில் அக்கா பேர்போனவள். அன்றோடு அக்காவுடன் பேச்சை நிறுத்தினாள். கேன்டீனில் தன்னைக் கண்டதும் பேச்சை மாற்றியவர்களைக் கவனித்தாள். மாற்றாதவர்களை இன்னும் கூர்ந்து கவனித்தாள்.

மறுநாள் தலைமை நர்ஸான மேட்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் மேட்ரன் கையால் அவள் குடித்த முதல் டீ. அதிலேயே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மேட்ரன் மேசை இழுப்பறையிலிருந்து ஏழாம் படுக்கையின் கேஸ் ஷீட்டை எடுத்து அவள் முன் விரித்தாள். “இங்க பாரு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கு. டாக்டர் பேரை எழுதிடு. அவர் சொன்னதையும் சேத்து எழுதிடு. நான் பாக்கல. நீ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்.”

மூணுவாட்டி பேனாவை எடுத்தாள். மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். நடந்ததைத்தானே எழுதப்போகிறோம், பொய் இல்லையே என்று தோன்றியது. ஆனால் மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாக்கல என்கிறவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

“தலை சுத்துது மேடம். நாளைக்கு எழுதறேன்” என்று மூடியைத் திருகினாள்.

அன்று பிற்பகலே ஆஸ்பத்திரி வக்கீல் வார்டுக்கு வந்துவிட்டார். தேன் ஒழுகுகிற பேச்சு. “நீங்க எதுக்கும்மா தனியா அலையணும்? ஆஸ்பத்திரிக்கு நான் பதில் போடத்தான் போறேன். உங்களுக்கும் சேத்துப் போட்டுடறேன். நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி.” தட்டச்சு செய்த இரண்டு பக்கம் கொடுத்தார். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர் தயாராக இருந்தது. “படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அவசரமில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள போதும்.”

அவள் அதை வீட்டுக்கு எடுத்துவந்து படித்தாள். பாராட்டுக்குமேல் பாராட்டு. இருபத்திரண்டு வருட அனுபவம், அப்பழுக்கற்ற சேவை, நோயாளிகளின் நன்மதிப்பு. தன் இரங்கல் கூட்டத்தில் தானே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கணவரிடம் கொடுத்தாள்.

“நல்லாத்தானேம்மா எழுதியிருக்காரு?” என்றார் அவர்.

“அதாங்க எனக்குப் பயமா இருக்கு.”

அவர் தாளை மடித்துக் கொடுத்தார். “என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்கள்ல ஒரு வக்கீலம்மா இருக்காங்க. போய்க் கேக்கலாமா?”

“எப்படி ஓட்டுவாங்க?”

“ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயில்.”

“நல்லா இருக்கே! என் பொழைப்பே ஊசலாடுது, நீங்க ஃபெயிலானவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்றீங்க.”

“கேளும்மா. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கண்ணாடியையும் மூணு மூணு தடவை பாப்பாங்க. அதுக்குள்ள டெஸ்ட் நேரமே முடிஞ்சிடும். அதனாலதான் ஃபெயில்.”

மறுநாள் வேலை முடிந்ததும் போனாள்.

சாவி செய்கிற கடைக்கு மேலே ஒற்றை அறை. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கயிறு கட்டிய கோப்புகள். மூணுவாட்டி முதலில் சுவரில் மாட்டியிருந்த பட்டத்தில் உள்ள பெயரையும் வாசலில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வக்கீலம்மா அதையெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனை அணைச்சு மேசைமேல வைங்க சிஸ்டர். நீங்க ஆஸ்பத்திரி அனுப்பி வந்த ஆள் இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கடிதம் வந்ததிலிருந்து முதல்முறையாக மூணுவாட்டிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. நம்ம இனம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மா ஆஸ்பத்திரி வக்கீல் கொடுத்த தாளை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பென்சிலை வைத்தாள். “இதைச் சத்தமாப் படிங்க.”

“பணிச்சுமை காரணமாக மருத்துவரைத் தொடர்புகொள்வதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டிருக்கலாம்...” அவ்வளவு பாராட்டுக்கும் நடுவில் இந்த ஒரு வரியை நைசாகச் செருகியிருந்தார்கள். மூன்று தடவை படிக்கிற அவள் கண்ணிலேயே தப்பியிருந்தது. தன்னைப் புகழ்கிற தாளை யாரும் அவ்வளவு கூர்ந்து படிப்பதில்லை.

“அந்த வக்கீல் யாருக்கு வேலை செய்றாரு?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

“ஆஸ்பத்திரிக்கு.”

“டாக்டர் வரலைன்னு ஆனா ஆஸ்பத்திரி மாட்டும். நர்ஸ் சொல்லலைன்னு ஆனா, நர்ஸை அனுப்பிட்டோம்னு சொல்லிக் கதையை முடிச்சிடலாம். இதுல நீங்களும் அவங்களும் ஒரே குடும்பம் எப்படி? நர்ஸுங்க எல்லாருமே இங்கதான் ஏமாந்து போறீங்க. தப்பு பண்ணவங்களுக்குத்தான் வக்கீல்னு நினைக்கறீங்க. சரி, கேஸ் ஷீட்ல ஏதாவது சேத்து எழுதினீங்களா?”

அவள் மேட்ரன் அறையில் நடந்ததைச் சொன்னாள். வக்கீலம்மா கவுன்சில் கடிதத்தின் பின்னால் இருந்த தாள்களைப் புரட்டி நாலாவதை அவள் பக்கம் திருப்பினாள். கேஸ் ஷீட்டின் நகல். தையல்காரரின் மகள் அப்பா இறந்த அன்றே கேட்டு வாங்கிப் புகாரோடு இணைத்திருக்கிறாள்.

“இந்த நகல்ல இல்லாத ஒரு எழுத்து அசல்ல இருந்தா, உங்க பதிவு அன்னைக்கே காலி. நடந்ததை எழுதினேன்னு நீங்க சொன்னாலும் எடுபடாது.”

மூணுவாட்டி நகலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்ரனுக்கு இது தெரியுமா, தெரியாதா? உதவி செய்ய நினைத்தாளா, குழி வெட்டினாளா? இன்றுவரை அவளுக்கு விடை தெரியாது. மேட்ரன் கொடுக்கிற டீயை மட்டும் அதற்கப்புறம் அவள் குடித்ததில்லை.

“போன் எங்கேர்ந்து பண்ணீங்க? யாரு இணைப்புக் கொடுத்தாங்க? அவங்க எதுலயாவது எழுதி வைப்பாங்களா?” வக்கீலம்மா அடுக்கிக்கொண்டே போனாள். எக்ஸ்சேஞ்சில் ஒரு பதிவேடு உண்டு என்று கேட்டதும் அப்படியே நிறுத்தினாள். அன்றே உட்கார்ந்து கவுன்சிலுக்கு ஒரு மனு எழுதினாள். சம்பவம் நடந்த தேதியில் ஆஸ்பத்திரியில் இருந்த எல்லாப் பதிவேடுகளையும் வரவழைக்க வேண்டும், எதுவும் அதற்குள் காணாமல் போகக்கூடாது என்று. எல்லாம் எதற்கு என்று கேட்டாள் மூணுவாட்டி.

“எது உதவும்னு இப்பத் தெரியாது. நீங்க காலிப் புட்டியைப் போடும்போது எதுக்குப் படிக்கறீங்க?”

அவள் மனுவை மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது வேறு வழியில்லை, எக்ஸ்சேஞ்ச் அக்காவைப் பார்த்தாக வேண்டும். மறுநாள் படியிறங்கிப் போனாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே அக்கா நிமிர்ந்தாள்.

“வாடி. என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு? நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்னு நினைச்சே, இல்ல?”

“ஆமாக்கா.”

“சொல்லியிருப்பேன். எனக்கு முன்னாடி வேற யாரோ சொல்லிட்டாங்க. உன் லெட்டரோட காப்பி ஆஃபீஸுக்கும் வந்துச்சு. மேசைமேல திறந்தே போட்டு வெச்சிருந்தாங்க, போறவன் வர்றவன் எல்லாம் படிச்சான்.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலே மாடி வரை கேட்டிருக்கும். “இன்னொண்ணு கேளு. போன வாரம் ஆஃபீஸ்லேர்ந்து ஆள் வந்து அந்த மாசத்துப் பதிவேட்டைக் கேட்டாங்க. பழசையெல்லாம் கழிக்கறாங்களாம்.”

“குடுத்துட்டீங்களா?”

“கேட்ட மாசத்தைக் குடுத்தேன். வருஷம் எதுன்னு அவங்க கேக்கல. போன வருஷத்தைக் குடுத்தனுப்பிட்டேன்.”

மூணுவாட்டி அங்கேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அக்கா, “விடுடி, லைன்ல ஆள் இருக்காங்க” என்று கையை உதறினாள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ஒரு பக்கம் மூணுவாட்டியும் வக்கீலம்மாவும், இன்னொரு பக்கம் சர்ஜனும் ஆஸ்பத்திரி வக்கீலும். சுவரோரம் தையல்காரரின் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது, நீங்க ஆறுதலாச் சொல்றதையும் ஒப்புக்கிட்டதா எடுத்துப்பாங்க என்று வக்கீலம்மா முன்பே எச்சரித்திருந்தாள்.

சர்ஜன் இஸ்திரி கலையாமல் பேசினார். “எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. வந்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.”

வக்கீலம்மா எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டைக் கேட்டு வாங்கி நிதானமாக வாசித்தாள். நாலாம் வார்டிலிருந்து, சர்ஜனின் எண்ணுக்கு, இரண்டு பத்து, இரண்டு நாற்பது, மூன்று பதினைந்து.

சர்ஜனுக்கு இது எதிர்பாராதது. தண்ணீர் குடித்தார். “இப்போது நினைவு வருகிறது. அது ஒன்பதாம் படுக்கை நோயாளியைப் பற்றி. வாந்தி என்று சொன்னார்கள்.”

மூணுவாட்டிக்கு ரத்தம் கொதித்தது. எழப்போனாள். வக்கீலம்மா முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“மூணு தடவையும் ஒன்பதாம் படுக்கையைப் பத்தித்தானா டாக்டர்?”

“ஆமாம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமாக.”

வக்கீலம்மா இன்னொரு பதிவேட்டை விரித்தாள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு படுக்கையைக் கழுவித் துடைக்கிற துப்புரவுத் தொழிலாளி கையெழுத்துப் போடுகிற பதிவேடு அது. அப்படி ஒன்று இருப்பது பெரிய டாக்டர்களுக்கெல்லாம் தெரியவே தெரியாது. ஒன்பதாம் படுக்கை நோயாளி அன்று பகல் பன்னிரண்டரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மணிக்கு மெத்தையைக் கழுவிச் சாய்த்து வைத்ததாகக் கையெழுத்து இருந்தது.

“அப்ப வாந்தி எடுத்தது மெத்தையா டாக்டர்?”

மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வக்கீல் தன் கோப்பில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

பிற்பகலில் முடிவைச் சொன்னார்கள். அவளுடைய பதிவுக்கு ஒன்றும் ஆகாது. சர்ஜனின் விஷயம் அவருடைய கவுன்சிலுக்குப் போகும். கடைசியில் ஒரு வரி: குறிப்புகளை இனி முழுமையாக எழுதும்படி செவிலியர் அறிவுறுத்தப்படுகிறார். அந்த வரி அவள் காதில் விழவே இல்லை. கால் தரையில் பாவவில்லை. வராந்தாவில் காத்திருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, வண்டியை எடுக்க ஓடினார்.

அப்போதுதான் தையல்காரரின் மகள் எதிரே வந்து நின்றாள்.

“சிஸ்டர், நான் உங்கமேல புகார் குடுக்கல. எங்கப்பாவை யாரு கவனிக்காம விட்டாங்கன்னுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியிலதான் உங்க பேரை எழுதிக் குடுத்தாங்க.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் மூணுவாட்டிக்கு எளிதாக இருந்திருக்கும். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முதல் போன்லயே, உங்க பேரைப் போட்டு எழுதறேன் டாக்டர்னு அவர்கிட்ட சொல்லியிருந்தா, வந்திருப்பாரா?”

வக்கீலம்மாவின் விரல்கள் அவள் முழங்கையில் அழுந்தின.

“தெரியலம்மா” என்றாள் மூணுவாட்டி.

உண்மையிலேயே தெரியவில்லை என்றுதான் வீடு வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவர் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவள் கை இடது தோளில், இழுக்கிற அந்தத் தையலின் மேலேயே இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு மதியம். மூன்றாம் படுக்கையில் கால் முறிந்த ஒரு கொத்தனார். காலையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன, தொட்டால் குளிர்ச்சி, வலி தாங்கவில்லை என்றார் அவர். கட்டு இறுக்கம் என்று அவளுக்குச் சந்தேகம். எக்ஸ்சேஞ்ச் அக்கா எலும்பு டாக்டருக்கு இணைப்புக் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர்.

“புதுக் கட்டுல்ல, அப்படித்தான் இருக்கும். காலை உயரத் தூக்கி வெச்சுப் பாத்துட்டு இருங்க சிஸ்டர்.”

அவள் பேனாவைத் திறந்தாள். “சரி டாக்டர். இப்ப மணி ரெண்டு இருபது. விரல் நீலமா, சில்லுன்னு இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேன். காலைத் தூக்கி வெச்சுப் பாத்துட்டு இருக்கச் சொன்னீங்க. உங்க பேரைப் போட்டு இதை அப்படியே கேஸ் ஷீட்ல எழுதறேன். சரிதானே டாக்டர்?”

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“இருங்க. நானே வர்றேன்.”

பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார். கட்டை நீளவாக்கில் வெட்டி விரித்தார். கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குச் சிவப்பு திரும்பியது. “நல்லவேளை கூப்பிட்டீங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கொத்தனார் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரியில் தலையைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதிவு போய்விடுமோ என்று பயந்த அத்தனை நாளிலும் அவள் இப்படி அழுததில்லை. பன்னிரண்டு நிமிடம். தையல்காரருக்கு இரண்டு பத்திலிருந்து நூறு நிமிடம் இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். வக்கீலம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணவில்லை.

“அக்கா, எனக்கு ஒரு நம்பர் போட்டுத் தரணும். ஏழாம் படுக்கைத் தையல்காரரோட பொண்ணு. பழைய சேர்க்கைச் சீட்டுல நம்பர் இருக்கு, சொல்றேன், எழுதிக்கோங்க.”

“அவளுக்கா? எதுக்குடி இப்ப? எல்லாம்தான் முடிஞ்சு போச்சே?”

“அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டா. தெரியலைன்னு சொல்லிட்டேன். வந்திருப்பார்னு சொல்லணும்க்கா.”

அக்கா பதிவேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு இணைப்புக் கொடுத்தாள்.